ஹார்ப் வந்த வீடு
ஆலிஸ் கோல்ட்ரேன்: நான்கு வாரத் தொடர்

வாரம் 1: படியிறங்கிப் போனால் பேர்ட்லேண்ட்

1963 ஜூலை. நியூயார்க் நகரத்தின் பிராட்வேயில், 52ஆவது தெருவுக்குப் பக்கத்தில் படியிறங்கிப் போனால் பேர்ட்லேண்ட் என்ற ஜாஸ் கிளப். அங்கே ஒரே இரவில் இரண்டு குழுக்கள் மாறி மாறி மேடையேறிக்கொண்டிருந்தன. ஒன்று வைப்ரபோன் கலைஞர் டெர்ரி கிப்ஸின் குழு. துள்ளலும் வேகமுமாக, கேட்பவர் காலைத் தாளம் போட வைக்கிற வாசிப்பு. மற்றொன்று ஜான் கோல்ட்ரேனின் நால்வர் குழு. சாக்ஸபோனை எடுத்தால் ஒரே ராகச் சாயலுக்குள் இறங்கி, நேரம் போவது தெரியாமல் தோண்டிக்கொண்டே போகிறவர் கோல்ட்ரேன். அவரைக் கேட்கவே தொலைவிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

கிப்ஸின் குழுவில் பியானோ வாசித்தவர் ஒரு பெண். பெயர் ஆலிஸ் மெக்லவுட். 25 வயது, அதிகம் பேசாதவர். ஆனால் கிப்ஸ் வைப்ரபோனில் ஒரு சுற்று முடித்ததும் இவரும் எழுந்து வந்து, அதே வைப்ரபோனில் அவரோடு போட்டி போட்டு வாசிப்பார். கூட்டம் அந்தக் கட்டத்துக்காகவே காத்திருக்கும்.

யார் இந்தப் பெண்?

டெட்ராய்ட்டில், 1937 ஆகஸ்ட் 27 அன்று பிறந்தவர். கார் தொழிற்சாலைகளின் நகரம் அது. வேலை தேடித் தெற்கு மாநிலங்களிலிருந்து ஆயிரக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் அங்கே வந்து குடியேறின. அவர்களோடு அவர்களுடைய தேவாலயங்களும், தேவாலயங்களோடு பாட்டும் வந்தன. ஆலிஸின் அம்மா பாப்டிஸ்ட் தேவாலயப் பாடகர் குழுவில் இருந்தார். ஏழு வயதில் ஆலிஸ் பியானோ பழகத் தொடங்கினாள். வீட்டில் பாக், பேத்தோவன் வகைப் பாடம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் துதிப்பாடலுக்கு ஆர்கன். இரண்டும் ஒரே சிறுமியின் விரல்களில் வளர்ந்தன.

கொஞ்சம் வளர்ந்தபின் வேறொரு வகைத் தேவாலயத்திலும் வாசிக்கப் போனாள். ஆவியில் நிறைந்து எழுந்து ஆடிக் கூத்தாடித் துதிக்கிற சபை அது. அங்கே பியானோ வாசிப்பவர் தாளில் எழுதியிருப்பதை மட்டும் வாசித்தால் போதாது. யாருக்கு எப்போது பரவசம் வரும் என்று தெரியாது. வரும்போது அதை ஏந்தி, மேலே ஏற்றி, பிறகு மெல்ல இறக்கியும் விட வேண்டும். ஆலிஸின் பிற்கால இசையைப் பற்றி எத்தனையோ விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. எனக்கு அதன் வேர் இந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான் தெரிகிறது.

ஜாஸ் உலகத்தின் கதவைத் திறந்துவிட்டவர், பெற்றோரில் ஒருவர் மட்டும் பொதுவான அண்ணன் எர்னி ஃபாரோ. பேஸ் வாசிப்பவர், டெட்ராய்ட் கலைஞர்களிடையே நல்ல பெயர். அவர் காட்டிய வழியில் ஆலிஸ் பீபாப் என்ற ஜாஸ் பாணியைப் பழகினார். இருபதுகளின் தொடக்கத்தில் பாரிஸ் போனார். பீபாப் பியானோவின் பிதாமகர்களில் ஒருவரான பட் பவல் அப்போது அங்கேதான் குடியிருந்தார். அவரிடம் நேரடியாகக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு கிடைத்தது. பாரிஸில் பாடகர் கென்னி ஹாகுட்டை மணந்தார். ஒரு பெண் குழந்தை பிறந்தது. கணவரின் ஹெராயின் பழக்கம் குடும்பத்தைக் குலைத்தது. குழந்தையோடு டெட்ராய்ட் திரும்பி, மறுபடி கிளப்களில் வாசித்துப் பிழைக்கத் தொடங்கினார். அங்கிருந்துதான் கிப்ஸின் குழு, அங்கிருந்துதான் பேர்ட்லேண்ட்.

கோல்ட்ரேனும் பேச்சு குறைந்தவர். இடைவேளைகளில் இருவரும் ஒரே அறையில் இருந்தும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஒரு நாள் ஆலிஸுக்குப் பின்னால் நின்றபடி அவர் சாக்ஸபோனில் ஒரு மெட்டு வாசித்தார். அழகாக இருக்கிறதே என்றார் ஆலிஸ். அது உங்களுக்காகத்தான் என்று அவர் பதில் சொன்னதாக ஆலிஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

விரைவிலேயே கிப்ஸ் தன் பியானோ கலைஞரை இழந்தார். ஆலிஸ் போனது கோல்ட்ரேனின் வாழ்க்கைக்குள். அவருடைய குழுவுக்குள் அல்ல. அங்கே பியானோ முன்னால் மெக்காய் டைனர் உட்கார்ந்திருந்தார். அவர் இல்லாத கோல்ட்ரேன் குழுவை ரசிகர்களால் கற்பனைகூடச் செய்ய முடியாது. ஆனால் ஒரு நாள் அந்த இடம் காலியாகப் போகிறது. அதில் யார் வந்து உட்கார்ந்தாலும் உலகம் மன்னிக்கப் போவதில்லை.

(தொடரும்)

வாரம் 2: இன்னொருவர் உட்கார்ந்த இடம்

லாங் ஐலண்ட் தீவில் டிக்ஸ் ஹில்ஸ் என்ற அமைதியான புறநகர்ப் பகுதி. 1964இல் ஜானும் ஆலிஸும் அங்கே ஒரு வீடு வாங்கிக் குடியேறினார்கள். அந்த வருடக் கோடையின் கடைசியில் ஜான் மாடி அறைக்குப் போய்ச் சில நாட்கள் கிட்டத்தட்ட வெளியே வரவே இல்லை. கைக்குழந்தையோடு கீழே இருந்தார் ஆலிஸ். ஒரு நாள் ஜான் இறங்கி வந்தபோது, மலையிலிருந்து மோசே இறங்கி வந்தது போல இருந்ததாம் அவருக்கு. முழுத் தொகுப்புக்கான இசையும் ஒரே வீச்சில் வந்து சேர்ந்தது இதுதான் முதல்முறை என்று ஜான் சொன்னார். டிசம்பர் 9 அன்று நியூஜெர்சியில் ரூடி வான் கெல்டரின் ஸ்டுடியோவில் அது பதிவானது. அதுதான் ‘எ லவ் சுப்ரீம்’. கடவுளுக்கு நன்றி சொல்லும் நான்கு பகுதி இசை. இன்றுவரை உலகில் அதிகம் கேட்கப்படும் ஜாஸ் பதிவுகளில் ஒன்று.

1965இல் இருவரும் மணம் புரிந்துகொண்டார்கள். அதே ஆண்டு பிறந்த இரண்டாவது மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தார்கள். சிதார் மேதை ரவிசங்கரின் மேல் ஜானுக்கு அவ்வளவு மதிப்பு. அவரிடம் முறையாகப் பாடம் கேட்கவும் ஆசைப்பட்டார்.

இதற்கிடையில் ஜானின் இசை கரையை உடைத்துக்கொண்டு போயிற்று. நிலையான தாளம் தளர்ந்தது. மெட்டின் எல்லைகள் கரைந்தன. இரண்டாவது டிரம்ஸ், இரண்டாவது சாக்ஸபோன் என்று மேடை நிறைந்தது. அந்த முழக்கத்தில் தன் வாசிப்பு தனக்கே கேட்கவில்லை என்று டைனர் 1965 முடிவில் விலகினார். அடுத்த மாதம் டிரம்ஸ் கலைஞர் எல்வின் ஜோன்ஸும் போனார்.

ஜான் தன் மனைவியைக் கூப்பிட்டார்.

ரசிகர்களுக்கு ஆத்திரம். மனைவி என்பதற்காக இடம் கொடுத்துவிட்டார் என்று எழுதினார்கள். கோல்ட்ரேன் கெட்டுப்போனதற்குக் காரணமே இந்தப் பெண்தான் என்று பேசியவர்களும் உண்டு. டைனரும் ஆலிஸும் எப்படி வாசித்தார்கள் என்று பக்கத்தில் வைத்துக் கேட்டால், இந்தக் கோபம் எவ்வளவு காது கொடுக்காத கோபம் என்பது புரியும். டைனரின் இடது கை கனமான ஸ்வரக்கட்டுகளைத் தூண்கள் போல நிறுத்தும். அந்தத் தூண்களுக்கு நடுவே ஜான் பறப்பார். 1966இல் ஜானுக்குத் தூண்கள் தேவைப்படவில்லை. பியானோவின் நடுப்பகுதியிலேயே நிற்காமல் 88 கட்டைகளையும் பயன்படுத்தச் சொல்லி ஆலிஸைத் தூண்டியவர் அவரே. ஆலிஸ் கீழ்க்கோடியிலிருந்து மேல்கோடி வரை ஸ்வரங்களை அலையலையாக உருட்டிவிட்டார். ஜான் இறங்கி நிற்கத் தரை தரவில்லை. நீந்துவதற்கு நீர் தந்தார். அதைத்தான் ஜான் கேட்டிருந்தார்.

1966 மே மாதம் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் இந்தப் புதிய குழு வாசித்தது இசைத்தட்டாக இருக்கிறது. ஜூலையில் ஜப்பான் சுற்றுப்பயணம். நாகசாகிக்கு வந்ததும் ஜான் முதலில் போக விரும்பிய இடம் அணுகுண்டில் மாண்டவர்களின் நினைவிடம். அங்கே நின்று பிரார்த்தித்தார். அந்தப் பயணத்தில் ‘பீஸ் ஆன் எர்த்’ என்ற இசையை மேடைகளில் வாசித்தார்கள். அதில் ஆலிஸின் பியானோவைக் கேட்டவர்கள், அவர் யார் மனைவி என்று யோசித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஜானின் உடல்நிலை அதற்குள் குன்றத் தொடங்கியிருந்தது. 1967 மார்ச்சில் மூன்றாவது மகன் பிறந்தான். ஜூலை 17 விடிகாலையில், லாங் ஐலண்டின் ஹண்டிங்டன் மருத்துவமனையில், கல்லீரல் புற்றுநோயால் ஜான் கோல்ட்ரேன் இறந்தார். வயது 40. நியூயார்க் தேவாலயத்தில் நடந்த இறுதிச் சடங்கில் சாக்ஸபோன் கலைஞர்கள் ஆல்பர்ட் ஐலரும் ஆர்னெட் கோல்மனும் தங்கள் குழுக்களோடு வாசித்து வழியனுப்பினார்கள்.

ஆலிஸுக்கு 29 வயது. நான்கு குழந்தைகள். தன் பெயரில் ஒரு இசைத்தட்டுகூட இல்லை.

அந்த நிலையில் டிக்ஸ் ஹில்ஸ் வீட்டுக்கு ஒரு பொருள் வந்து சேர்ந்தது. ஆளுயரத்துக்கு மேல் உயரம், 47 தந்திகள். ஜான் உயிரோடிருந்தபோது சொல்லி வைத்தது. செய்து முடித்து அனுப்பும்போது அவர் இல்லை. அதை வாசிக்கத் தெரிந்தவர் அந்த வீட்டில் யாருமில்லை.

(தொடரும்)

வாரம் 3: செட்டிபாளையத்துச் சாமியார்

வந்தது ஹார்ப். சிகாகோவின் லயன் அண்ட் ஹீலி நிறுவனத்தின் கச்சேரி ஹார்ப். ஆலிஸ் அதைத் தானாகவே கற்றுக்கொண்டார்.

ஜாஸில் ஹார்ப் வாசித்தவர்கள் மிகச் சிலர். அவர்களில் முன்னோடியான டாரதி ஆஷ்பியும் டெட்ராய்ட்காரர்தான். ஆஷ்பி அதை கிட்டார் போலத் துல்லியமாக, பீபாப் மொழியில் பேச வைத்தார். ஆலிஸ் வேறு வழியில் போனார். அதைப் புரிந்துகொள்ள ஹார்ப்பின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பியானோவில் விரலை இழுத்துக்கொண்டே போனால் வெள்ளைக் கட்டைகள் மட்டுமோ கறுப்புக் கட்டைகள் மட்டுமோதான் ஒலிக்கும். அதை மாற்ற முடியாது. ஹார்ப்பின் அடியில் ஏழு பெடல்கள் இருக்கின்றன, ஏழு ஸ்வரத்துக்கு ஒன்றாக. ஒவ்வொரு பெடலுக்கும் மூன்று நிலைகள். பெடலை மிதித்து மாற்றினால் அந்த ஸ்வரத்துக்குரிய தந்திகள் எல்லா ஸ்தாயியிலும் அரை ஸ்வரம் ஏறும், இறங்கும். ஆக, வாசிக்கத் தொடங்கும் முன்பே எந்த ஸ்வரங்கள் வேண்டும் என்று கட்டி வைத்துவிடலாம். பிறகு கை எங்கே ஓடினாலும் அந்த ஸ்வரங்கள்தான் கேட்கும், தப்பு ஸ்வரத்துக்கு இடமே இல்லை. ஒரு ராகத்தின் ஆரோகண அவரோகணத்துக்குள் வாழ்ந்து பழகிய நம் காதுக்கு இது சட்டென்று பிடிபடும். பியானோவில் ஆலிஸ் உருட்டிக்கொண்டிருந்த அலைகள் ஏற்கெனவே ஒரு ஹார்ப்பைத் தேடிக்கொண்டிருந்தன என்றே நான் நினைக்கிறேன். ஜானுக்கு அது முன்பே கேட்டிருக்க வேண்டும்.

வீட்டின் அடித்தளத்தில் ஒலிப்பதிவு ஸ்டுடியோ இருந்தது. குழந்தைகளை விட்டு விலகாமல் அங்கேயே பதிவு செய்தார். 1968இல் ‘எ மொனாஸ்டிக் ட்ரியோ’ வெளிவந்தது. 1970 ஜனவரியில் பதிவான ‘ப்டா, தி எல் தாவுத்’ தட்டில் ஃபாரோ சாண்டர்ஸ், ஜோ ஹெண்டர்சன் என்று இரண்டு சாக்ஸபோன்கள். அதில் ஆலிஸின் பியானோவில் டெட்ராய்ட் தேவாலயத்து ப்ளூஸ் கனமாக இறங்குகிறது.

வெளியே இசைத்தட்டுகள் வந்துகொண்டிருந்தபோது உள்ளே அவர் சிதைந்துகொண்டிருந்தார். தூக்கம் போயிற்று. உடல் எலும்பும் தோலுமாக இளைத்தது. காட்சிகள் தோன்றின. குடும்பத்தார் பயந்தார்கள். பிற்காலத்தில், 1977இல், தானே எழுதிய ‘மான்யுமென்ட் எடர்னல்’ என்ற சிறு நூலில் இந்தக் காலத்தை நோய் என்று அவர் சொல்லவில்லை, தவம் என்றார். அவர் பட்டது அவருக்குத்தான் தெரியும். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து வந்தபடியே ஏற்றுக்கொள்வதுதான் நியாயம்.

இந்தக் கட்டத்தில்தான் பேஸும் ஊத் என்ற தந்தி வாத்தியமும் வாசிக்கும் விஷ்ணு வுட் அவரை ஒரு சாமியாரின் சொற்பொழிவுக்கு அழைத்துப் போனார்.

அந்தச் சாமியார் கோயம்புத்தூர்க்காரர். 1914இல் செட்டிபாளையத்தில் ராமசாமியாகப் பிறந்தவர். ரிஷிகேஷில் சுவாமி சிவானந்தரிடம் 1949இல் சந்நியாசம் பெற்று சச்சிதானந்தர் ஆனார். அந்த சிவானந்தரோ நம் பத்தமடைக்காரர். குருவின் சொற்படி இலங்கைக்குப் போய்ப் பல ஆண்டுகள் பணி செய்த சச்சிதானந்தர் 1966இல் மேற்கே போனார். நியூயார்க்கில் இளைஞர்கள் அவரைப் போகவிடவில்லை. 1969 ஆகஸ்ட் 15 அன்று வுட்ஸ்டாக் இசைவிழா தொடங்கியபோது, லட்சக்கணக்கானவர்கள் முன்னால் நீண்ட தாடியும் காவி உடையுமாக மேடையில் உட்கார்ந்து, நாதத்தின் சக்தியைப் பற்றிப் பேசித் தொடக்கி வைத்தவர் இவரே.

அவருடைய பேச்சும் அமைதியும் ஆலிஸைக் கரை சேர்த்தன. நன்றியை அவர் தன் மொழியில் சொன்னார். 1970 நவம்பர் 8, டிக்ஸ் ஹில்ஸ் அடித்தள ஸ்டுடியோ. அன்று பதிவான இசையின் பெயர் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’.

தலைப்புப் பாடலின் முதல் நிமிடத்தை மட்டும் கேளுங்கள். தம்புராவின் ரீங்காரம். துளசி என்பவர் மீட்டுகிறார். நம் கச்சேரிகளில் தம்புரா பாடகரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். இங்கே அது முன்னால் வந்து, அறை முழுக்க நிறைகிறது. அதன்மேல் செசில் மக்பியின் பேஸ், சில ஸ்வரங்களே கொண்ட ஒரு நடையைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது, கடைசிவரை விடாமல். பிறகு ஹார்ப். கட்டிவைத்த ஸ்வரங்களில் மேலிருந்து கீழாக ஒரு வீச்சு. அப்புறம்தான் ஃபாரோ சாண்டர்ஸின் சோப்ரானோ சாக்ஸபோன் வருகிறது. முழங்குவதற்குப் பேர்போனவர், இங்கே தணிந்த குரலில். மேலோட்டமாகக் கேட்பவர் இதை இந்திய இசை கலந்த ஜாஸ் என்பார். ஆலிஸ் எதையும் கலக்கவில்லை. தம்புராவின் ஆதாரச் சுருதி, ப்ளூஸின் பேஸ் நடை, பரவசத்தை ஏந்தும் தேவாலயத்துப் பழக்கம் மூன்றும் ஒரே வேலையைச் செய்கின்றன என்பதை அவர் கண்டுகொண்டார். அந்த வேலை வழிபாடு.

டிசம்பரில் குருவோடு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் முதல் பயணம், ஐந்து வாரம். திரும்பி வந்ததும் 1971 பிப்ரவரி 21 அன்று நியூயார்க் கார்னகி ஹாலில் கச்சேரி. சச்சிதானந்தரின் யோக நிலையத்துக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சி அது. பாடகி லாரா நைரோவும் ராக் இசைக்குழு ராஸ்கல்ஸும் அதே மேடையில். ஆலிஸ் இரட்டை இரட்டையாக ஆட்களைக் கூட்டி வந்தார்: இரண்டு சாக்ஸபோன், இரண்டு பேஸ், இரண்டு டிரம்ஸ், அவர்களோடு தம்புராவும் ஹார்மோனியமும். இம்பல்ஸ் இசைத்தட்டு நிறுவனம் அதைப் பதிவு செய்தது. செய்துவிட்டு, வெளியிடாமல் எடுத்து வைத்துவிட்டது.

அடுத்த மாதங்களில் ஆலிஸின் கை இன்னும் விரிந்தது. ‘யுனிவர்சல் கான்ஷியஸ்னஸ்’ தட்டில் மின் ஆர்கனும் வயலின் குழுவும். ‘வேர்ல்ட் கேலக்ஸி’யில் ‘எ லவ் சுப்ரீம்’ இசைக்கு நடுவே சச்சிதானந்தரின் குரலே ஒலிக்கிறது. செட்டிபாளையத்தில் பிறந்தவரின் ஆங்கிலம் ஜான் கோல்ட்ரேனின் மெட்டோடு சேர்ந்து கேட்பதை ஒருமுறையாவது கேட்டுப் பாருங்கள். ‘லார்ட் ஆஃப் லார்ட்ஸ்’ தட்டில் ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘ஃபயர்பேர்ட்’ இசையிலிருந்து ஒரு பகுதி. வயலின் குழுவுக்கான எழுத்து முழுக்க ஆலிஸுடையது.

பிறகு 1972இல் ஒரு காரியம் செய்தார். கணவர் விட்டுச்சென்ற 1965, 66ஆம் ஆண்டு ஒலிநாடாக்களைப் பெட்டியிலிருந்து எடுத்தார். இறந்தவரின் சாக்ஸபோனைச் சுற்றித் தன் வயலின்களையும் ஹார்ப்பையும் தம்புராவையும் சேர்த்துப் பதிவு செய்தார். ‘இன்ஃபினிட்டி’ என்று பெயர் வைத்துக் கடைக்கு அனுப்பினார்.

1966இல் கேட்ட கோபம் ஒன்றுமே இல்லை என்று ஆயிற்று.

(தொடரும்)

வாரம் 4: கேசட்டில் போன குரல்

கோல்ட்ரேனைத் தெய்வமாக வைத்திருந்தவர்களுக்கு ‘இன்ஃபினிட்டி’ தெய்வக் குற்றமாகத் தெரிந்தது. செத்தவர் வாசித்ததில் கை வைக்க இவர் யார் என்று விமர்சகர்கள் கொதித்தார்கள். இந்த இசைக்கு வேறு ஒலிகளும் சேரலாம் என்று ஜானும் தானும் பேசியிருந்ததாக ஆலிஸ் சொன்னார். அதை யாரும் கேட்கத் தயாராக இல்லை. என் அபிப்பிராயம் இது: ஜானின் அசல் பதிவுதான் எனக்கு நெருக்கம்; ஆனால் கூட வாசித்தவரும் கூட வாழ்ந்தவருமான ஒரு இசையமைப்பாளருக்கு அதைத் தொட உரிமை இல்லையென்றால், வேறு யாருக்கும் அதைப் பற்றிப் பேசவும் உரிமை இல்லை.

அந்த ஆண்டே அவர் குழந்தைகளோடு கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார். 1975இல் வேதாந்த மையம் ஒன்றைத் தொடங்கினார். காவி உடுத்தினார். துரியசங்கீதானந்தா என்ற பெயரை ஏற்றார். கிட்டார் கலைஞர் கார்லோஸ் சந்தானாவோடு 1974இல் ஒரு தட்டு, பிறகு வார்னர் நிறுவனத்துக்குச் சில தட்டுகள். 1978 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மேடையில் வாசித்தது ‘டிரான்ஸ்ஃபிகரேஷன்’ என்று வெளிவந்தது. அதோடு இசைத்தட்டு வியாபாரத்திலிருந்து விலகிக்கொண்டார். 40 வயதில், ஆற்றலின் உச்சியில்.

வெளி உலகத்தைப் பொறுத்தவரை ஆலிஸ் கோல்ட்ரேன் அன்றோடு காணாமல் போனார். உண்மையில் அவர் எங்கேயும் போகவில்லை.

1982 ஆகஸ்டில் மூத்த மகன் ஜான் ஜூனியர் கார் விபத்தில் இறந்தான். 18 வயது நிரம்ப மூன்று வாரம்கூட இல்லை. அந்த ஆண்டு வெளிவந்த ‘துரியா சிங்ஸ்’ கேசட்டில் ஆலிஸ் முதன்முறையாகத் தன் சொந்தக் குரலில் பாடியிருந்தார். ஆழமான, அவசரமே இல்லாத குரல். சம்ஸ்கிருத நாமாவளிகள், பின்னணியில் தேவாலய ஆர்கனின் கனத்த இசைவுகள். கடையில் கிடைக்காத கேசட் அது. பக்தர்களுக்காக மட்டும் போடப்பட்டது.

மறு ஆண்டு, சாண்டா மோனிகா மலைகளுக்கு நடுவே அகோரா என்ற இடத்தில் 48 ஏக்கரில் ஆசிரமம் எழுந்தது. சத்ய சாயி பாபாவின் மேல் கொண்ட பக்தியால் பிற்பாடு அதற்கு சாயி அனந்தம் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பஜனை. வெள்ளை உடுத்திய பக்தர்கள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள், பலரும் கறுப்பின அமெரிக்கர்கள். ஆலிஸ் ஆர்கன் முன்னால். ராமா, கிருஷ்ணா, சிவா என்று நம் ஊர் பஜனை மடத்தில் கேட்கிற அதே நாமங்கள். மெட்டு தொடங்கும்போது நமக்கும் பழக்கமானதாகவே இருக்கும். இரண்டாவது சுற்றில் கைத்தட்டு நகர்ந்து விழும். ஒரு குரல் கூட்டத்திலிருந்து எழும்பி ப்ளூஸில் கதறும். அடியில் ஆர்கன் டெட்ராய்ட்டை நோக்கித் திரும்பும். ஓபர்ஹைம் சிந்தசைசரில் ஸ்வரத்தை வளைத்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லவிடுவார். பியானோவால் முடியாத கமகம் அதில் அவருக்குக் கிடைத்தது. 1987, 1990, 1995 என்று மேலும் மூன்று கேசட்டுகள். ஜாஸ் பத்திரிகைகள் அவரை மறந்துவிட்டிருந்த ஆண்டுகளில் இவ்வளவும் நடந்தது.

அவரை மறுபடி வெளியே கொண்டுவந்தவர் மகன் ரவி. அப்பாவை நினைவில்கூட வைத்திருக்க முடியாத வயதில் இழந்தவர், அதே சாக்ஸபோனையே கையில் எடுத்திருந்தார். அம்மாவிடம் வருடக்கணக்கில் கெஞ்சினார். ஒருவழியாக 2004இல் ‘டிரான்ஸ்லீனியர் லைட்’ வந்தது; 26 ஆண்டுகளுக்குப் பிறகு ஆலிஸின் ஜாஸ் தட்டு. ரவியே தயாரிப்பாளர். 2006 இலையுதிர்காலத்தில் அம்மாவும் மகனும் சேர்ந்து சில நகரங்களில் மேடையேறினார்கள். அரங்குகள் நிரம்பி வழிந்தன.

2007 ஜனவரி 12 அன்று, லாஸ் ஏஞ்சலஸில், சுவாசச் செயலிழப்பால் ஆலிஸ் காலமானார். வயது 69. லாங் ஐலண்டில் ஜானுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

கதை அங்கே நிற்கவில்லை. ஆலிஸின் தங்கை மேரிலின் மெக்லவுட் மோட்டவுன் நிறுவனத்துப் பாடலாசிரியராக இருந்தவர். மேரிலினின் பேரன் ஃப்ளையிங் லோட்டஸ் என்ற பெயரில் மின்னிசை செய்கிறார். பாட்டியின் அக்கா வீசிய ஹார்ப் அலைகள் 2010இல் வந்த அவருடைய ‘காஸ்மோகிராமா’வில் ஹிப்ஹாப் தாளத்தோடு மேலெழுந்தன, ரவியும் அதில் வாசித்திருக்கிறார். கணினியில் இசை செய்கிற ஒரு தலைமுறை அதன் வழியே ஆலிஸைத் தேடிப் போயிற்று. 2017இல் லுவாகா பாப் நிறுவனம் ஆசிரமக் கேசட்டுகளிலிருந்து தேர்ந்தெடுத்து ஒரு தொகுப்பை வெளியிட்டது. உலகம் முழுவதும் அதற்கு வரவேற்பு. அடுத்த ஆண்டு நவம்பரில் வூல்ஸி காட்டுத்தீ மலைகளில் இறங்கியது. ஆசிரமம் எரிந்து போயிற்று. அங்கே பாடிய பஜனைகள் அதற்கு முந்தைய ஆண்டே உலகத்தின் கைக்குப் போய்விட்டிருந்தன.

சரி, கார்னகி ஹால் நாடா?

அசல் நாடாக்கள் தொலைந்தே போயின. நல்லவேளையாக, அன்றைய தயாரிப்பாளர் எட் மிச்செல் செய்து வைத்த ஒரு பிரதி பிழைத்திருந்தது. 2024இல், 53 ஆண்டுகள் கழித்து, முழுக் கச்சேரியும் வெளிவந்தது.

நான்கு உருப்படிகள். முதல் இரண்டும் ஆலிஸ் எழுதியவை, ஹார்ப்பில். பின் இரண்டும் ஜானின் இசை. அதற்கு அவர் எழுந்து பியானோவுக்குப் போகிறார். ‘ஆப்பிரிக்கா’ கிட்டத்தட்ட அரைமணி நேரம். ஆர்ச்சி ஷெப்பும் ஃபாரோ சாண்டர்ஸும் சாக்ஸபோனில் இரண்டு பக்கமும் முழங்குகிறார்கள், இரண்டு டிரம்ஸும் அடங்குவதாக இல்லை. இந்த முறை ஆலிஸ் அலை உருட்டவில்லை. இடது கையை ஊன்றி, கனமான கட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடித்து இறக்கி, அத்தனை பேரையும் தாங்கிப் பிடிக்கிறார். டைனரின் இடத்துக்கு இவர் லாயக்கில்லை என்று எழுதியவர்கள் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டிய அரைமணி நேரம் இது. ‘இன்ஃபினிட்டி’க்காக விமர்சகர்கள் கொதித்தபோதே இந்தப் பதிவு அலமாரியில் இருந்தது.

(முற்றும்)